அறுபதில் ஒரு துணை, அதுவும் வேறு மொழி, வேறு மதம்: படிப்படியாக ஒரு முழு வழிகாட்டி

எங்கள் வீட்டில் சோற்றுக்கு இரண்டு குக்கர். ஒன்றில் பொன்னி, இன்னொன்றில் கேரளத்து மட்டை அரிசி. கல்யாணமான புதிதில், "ரெண்டு பேருக்கு எதுக்கு ரெண்டு உலை?" என்று இரண்டையும் ஒன்றாகக் கழுவிப் போட்டேன். பொன்னி கஞ்சியாகிவிட்டது, மட்டை அரிசி பல்லில் கடகடத்தது. அவர் ஒன்றும் சொல்லாமல் சாப்பிட்டார். நானும் சாப்பிட்டேன். மறுநாள் தெப்பக்குளம் கடைத்தெருவுக்குப் போய் இன்னொரு குக்கர் வாங்கிவந்தார்.

இந்தக் கட்டுரையில் நான் சொல்லப்போவதெல்லாம் ஏறக்குறைய அதுதான். இருபது வயதில் கல்யாணம் செய்துகொள்கிறவர்கள் ஒரே உலையில் வெந்துவிடுவார்கள். அறுபதில் இருவருமே முன்னமே வெந்த அரிசி. கலக்கப் பார்க்காதீர்கள், பக்கத்துப் பக்கத்தில் வையுங்கள்.

நான் திருச்சியில் ஓய்வுபெற்ற கணக்கு டீச்சர், வயது 61. சைவக் குடும்பம். தபால் துறையில் இருந்த என் கணவர் போய் எட்டு வருஷம் கழித்து, பொன்மலை ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற மலையாளி ஒருவரை மணந்துகொண்டேன். கோட்டயம் பக்கம், சிரியன் கத்தோலிக்கர், மனைவியை இழந்தவர். இப்போது என்னைப் போன்ற நிலையில் இருக்கும் பெண்கள் (ஆண்களும்தான், ஆனால் அவர்கள் சுற்றி வளைத்துக் கேட்பார்கள்) போன் போட்டு விசாரிக்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லி மாளவில்லை.

படி 1: எதற்காக என்று ஒரு நோட்டில் எழுதுங்கள்

வேடிக்கைக்குச் சொல்லவில்லை, நிஜமாகவே எழுதுங்கள். மனைவி போன ஆறாம் மாதமே "வீட்டுச் சாப்பாட்டுக்கு வழியில்லை" என்று பெண் தேடுகிற ஆண்களுக்கு வேண்டியது சமையல்காரி. மருமகள் முகம் சரியில்லை என்று கிளம்புகிற பெண்களுக்கு வேண்டியது தனி வீடு. இரண்டுமே நியாயமான தேவைதான், ஆனால் அதற்குக் கல்யாணம் விலை அதிகம். சமையல்காரி வைத்துக்கொள்ளலாம், வாடகைக்கு வீடு பிடிக்கலாம்.

சாயங்காலம் ஆறரை மணிக்கு விளக்கு வைத்துவிட்டுத் திரும்பினால் "இன்னிக்கு என்ன நடந்துச்சு?" என்று கேட்க ஆளில்லை என்பதுதான் உங்கள் குறை என்றால், மேலே படியுங்கள்.

நோட்டின் இடது பக்கம், நீங்கள் விட்டுக்கொடுக்கத் தயாராக இருப்பவை. வலது பக்கம், யார் சொன்னாலும் விடமாட்டீர்கள் என்பவை. என் வலது பக்கத்தில் நாலே வரி: அசைவம் தொடமாட்டேன்; மதம் மாறமாட்டேன்; திருச்சியை விட்டு வரமாட்டேன்; பொட்டு வைத்துக்கொள்வேன். கடைசி வரிக்குக் காரணம் உண்டு. எட்டு வருஷம் வெறும் நெற்றியோடு பள்ளிக்கூடம் போனவள் நான். அவர் பக்கத்தில் மூன்று: ஞாயிறு பூசை, மீன், வருஷத்துக்கு ஒரு முறை ஊர். இரண்டு பட்டியலும் ஒன்றை ஒன்று அடித்துக்கொள்ளவில்லை. அடித்துக்கொண்டிருந்தால் அங்கேயே நின்றிருப்போம்.

படி 2: எங்கே பார்ப்பது, யாரிடம் உஷாராக இருப்பது

நாங்கள் பார்த்துக்கொண்டது ஒரு கண் ஆஸ்பத்திரி வராந்தாவில். என் அக்காவுக்குப் புரை எடுக்கப் போயிருந்தேன். அதே வரிசையில் இவர். மகள் அயர்லாந்தில் நர்ஸ். "கூட வந்தவங்க யாரு? கையெழுத்துப் போடணும்" என்று சிஸ்டர் மூன்று தரம் கூப்பிட்டும் யாரும் எழுந்திருக்கவில்லை. நான் எழுந்துபோய்ப் போட்டேன். உறவு என்ற கட்டத்தில் 'தெரிந்தவர்' என்று எழுதினேன். தெரிந்து பத்து நிமிஷம்தான் ஆகியிருந்தது.

இது எல்லோருக்கும் வாய்க்காது. ஆனால் இந்த வயதில் துணை கிடைப்பது பெரும்பாலும் இப்படி, நாம் வழக்கமாகப் போய்வரும் இடங்களில்தான்: நடைப்பயிற்சி, நூலகம், ஓய்வூதியர் சங்கக் கூட்டம், பழைய சக ஊழியர் வீட்டு விசேஷம். முதியோருக்கென்றே சந்திப்புகள் நடத்தும் அமைப்புகளும் உண்டு. ஹைதராபாத்தில் 'தோடு நீடா' (துணையும் நிழலும் என்று பொருள்), அகமதாபாத்தில் 'வினா மூல்ய அமூல்ய சேவா' இரண்டும் பல வருஷமாக இந்த வேலையைச் செய்கின்றன.

மேட்ரிமோனி தளங்களில் ஐம்பதுக்கு மேற்பட்டோர் பிரிவு இருக்கிறது. பாருங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் லண்டன் டாக்டர், கப்பல் கேப்டன், மனைவியை இழந்த என்ஜினியர் என்று வருகிறவர் வீடியோவில் முகம் காட்டாமல் ஒரு மாதம் இனிக்க இனிக்கப் பேசினால், அடுத்து என்ன வரும் என்று நானே சொல்கிறேன்: ஒரு பரிசுப் பார்சல். அது டெல்லி கஸ்டம்ஸில் மாட்டிக்கொள்ளும். வரி கட்ட உங்களிடம் பணம் கேட்பார்கள். என்னோடு வேலை பார்த்த ஒருவர் நாலு தவணையாக அனுப்பிவிட்டு, வெட்கத்தில் போலீஸுக்கும் போகவில்லை. பணம் போய்விட்டால் உடனே 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணுக்குப் போன் செய்யுங்கள். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறீர்களோ அவ்வளவுக்கு அந்தப் பணத்தை வங்கியிலேயே நிறுத்தும் வாய்ப்பு உண்டு. வெட்கம் அப்புறம் படலாம்.

அதைவிட முக்கியம், நேரில் பார்க்கும் வரைக்கும் ஒரு ரூபாயும் இல்லை. பார்த்த பிறகும் ஒரு வருஷத்துக்கு இல்லை.

படி 3: ஆறு மாதமாவது பேசுங்கள்

இவர் முப்பத்தைந்து வருஷம் பொன்மலையில் இருந்தவர், தமிழ் தண்ணீராக ஓடும். இருந்தும் மொழி அப்பப்போ காலை வாரும். முதல் தடவை அவர் வீட்டுக்குப் போனபோது, "டீச்சர், கொஞ்சம் வெள்ளம் எடுக்கட்டா?" என்றார். மலையாளத்தில் வெள்ளம் என்றால் குடிதண்ணீர். வந்தது இளஞ்சிவப்பு நிறத்தில், பதிமுகப் பட்டை போட்டுக் காய்ச்சியது. என்னவோ ஏதோ என்று அரை டம்ளர்தான் குடித்தேன். என் சொந்த ஊர்ப் பெயர் 'பட்டி'யில் முடியும்; அவர் ஊரில் பட்டி என்றால் நாய். என் ஊரைக் கேட்டதும் அவர் மைத்துனர் சிரிப்பை அடக்கப் பட்ட பாட்டைப் பார்க்க வேண்டுமே!

பெரிய கூத்து 'சம்மந்தி'. அங்கே அது தேங்காய்த் துவையல். என் மகளின் மாமியார் வீட்டார் வந்திருந்த அன்று, உள்ளேயிருந்து இவர் குரல் கொடுக்கிறார்: "டீச்சர், சம்மந்தியை அரைச்சாச்சா?" கூடத்தில் உட்கார்ந்திருந்த சம்பந்தி அம்மாள் முகம் போன போக்கு இருக்கிறதே. இப்போது அவர்களே அந்தக் கதையை ஊர் முழுக்கச் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள்.

இதையெல்லாம் சொல்வதற்குக் காரணம், மொழி வேறாக இருந்தால் சண்டை குறையும் என்பது என் அனுபவம். ஒரு வார்த்தை சுருக்கென்று தைத்தால், "அவர் ஊரில் இதுக்கு என்ன அர்த்தமோ" என்று ஒரு நிமிஷம் யோசிக்கிறோம். சொந்த ஜாதியில் கட்டியவரிடம் அந்த ஒரு நிமிஷத்தை நாம் கொடுப்பதே இல்லை.

எப்படிக் கூப்பிடுவது என்பதையும் இந்தக் கட்டத்திலேயே முடிவு செய்யுங்கள். நான் அவரை 'சார்' என்றேன், அவர் என்னை 'டீச்சர்' என்றார். இன்றைக்கும் அப்படித்தான். "என்னங்க" என்பது போனவரைக் கூப்பிட்ட வார்த்தை. அதை எடுத்து இன்னொருவருக்குக் கொடுக்க எனக்கு வரவில்லை, அவரும் கேட்கவில்லை.

படி 4: சமையலறை

மதம் பற்றி இரண்டு மாலைப் பொழுதில் பேசி முடித்துவிட்டோம். சமையலறை பற்றிப் பேசி முடிக்க நாலு மாதம் ஆனது, இன்னும் முடியவில்லை.

முதல் பிரச்சினை மீன் இல்லை, எண்ணெய். அவர் வீட்டில் எல்லாம் தேங்காய் எண்ணெய். எனக்கோ அது தலைக்குத் தேய்க்கிற சாமான். தாளிக்கிற வாசனை வந்தாலே யாரோ தலை வாரிக்கொள்கிற மாதிரி இருக்கும். அவருக்கு என் நல்லெண்ணெய் கனமாக இருந்தது. தீர்வு: என் குழம்பு நல்லெண்ணெயில், அவர் மெழுக்குவரட்டி (காய் வதக்கல்) தேங்காய் எண்ணெயில், அப்பளம் பொரிக்கப் பொதுவில் ஒரு கடலை எண்ணெய்.

மீனுக்குப் பின்கட்டில் தனி அடுப்பு. மண்சட்டி, அரிவாள்மனை, குடம்புளி டப்பா எல்லாம் அங்கே, அவர் பொறுப்பில். கழுவுவதும் அவரே. மாட்டிறைச்சி வீட்டுக்குள் வராது, ஊருக்குப் போகும்போது வைத்துக்கொள்வார். இதில் இரண்டு பேரும் ஒருவருக்கொருவர் பெரிய தியாகம் செய்ததாக நினைத்துக்கொள்ளவில்லை. தியாகம் என்று நினைத்தால் அது ஒருநாள் பில்லாகி வரும்.

நீங்கள் செய்ய வேண்டியது இதுதான். கல்யாணத்துக்கு முன்னால், அவர் வீட்டில் ஒரு நாள், உங்கள் வீட்டில் ஒரு நாள், காலைக் காபியிலிருந்து ராத்திரிப் பால் வரை முழுதாக இருந்து பாருங்கள். ஹோட்டலில் சந்தித்தால் எல்லோரும் நல்லவர்கள்தான். எத்தனை மணிக்கு எழுகிறார், டிவி எவ்வளவு சத்தம், வேலைக்காரம்மாவிடம் எப்படிப் பேசுகிறார், சாப்பிட்ட தட்டை யார் எடுக்கிறார்கள் என்று கவனியுங்கள். அன்று அவர் தட்டை அவரே எடுத்துக் கழுவிக் கவிழ்த்தார். எனக்கு ஜாதகமே பார்த்த மாதிரி இருந்தது.

படி 5: போனவர்களுக்கு ஓர் இடம்

இந்த வயதுக் கல்யாணத்தில் ஆள் இரண்டு பேர் இல்லை, நாலு பேர். இதைச் சொல்லாமல் விட்டுவிட்டு உள்ளே போகிறவர்கள்தான் அதிகம் அடிபடுகிறார்கள்.

அவர் வீட்டுக் கூடத்தில் திருஇருதய ஆண்டவர் படம், கீழே ஒரு சிவப்புக் குண்டு பல்பு, பக்கத்தில் அவர் மனைவி படம். என் வீட்டில் சந்தன மாலை போட்ட என் கணவர் படம். வீடு ஒன்றானபோது இவற்றை எங்கே மாட்டுவது? என் மகன், "அப்பா படத்தை நான் பெங்களூருக்கு எடுத்துட்டுப் போறேம்மா" என்றான். அவன் நல்லெண்ணத்தில்தான் சொன்னான். நான் வேண்டாம் என்றேன். இவர் துளைக்கருவி எடுத்துவந்து, கூடத்தின் கிழக்குச் சுவரில், ஒரே மட்டத்தில், இரண்டு ஆணி அடித்தார். ரயில்வேக்காரர் ஆயிற்றே, மட்டம் பார்க்க நீர்மட்டக் கட்டை வேறு வைத்துக்கொண்டார். அந்த அம்மாளுக்கும் நான் பூ வைக்கிறேன். முதல் நாள் கனகாம்பரம் வைத்தபோது, "அவளுக்கு முல்லைதான் பிடிக்கும்" என்று மெல்லச் சொன்னார். இப்போது முல்லை.

நாள் கணக்கிலும் இதே மாதிரி ஒரு ஏற்பாடு வேண்டும். கத்தோலிக்கர்களுக்கு நவம்பர் 2 கல்லறைத் திருநாள். கல்லறையைக் கழுவி, பூப் போட்டு, மெழுகுவத்தி ஏற்றுவார்கள், பாதிரியார் மந்திரிக்க வருவார். நான் கூடப் போகிறேன், பின்னால் நிற்கிறேன். என் கணவரின் திதிக்கு மகன் வந்து காவிரிக்கரை அம்மா மண்டபத்தில் கொடுப்பான். அன்று இவர் வீட்டிலேயே இருந்துவிடுவார். பின்கட்டு அடுப்பைத் தொடமாட்டார். யாரும் சொல்லிச் செய்ததில்லை.

ஒரு எச்சரிக்கை மட்டும். போனவரோடு ஒப்பிடுவது மனசுக்குள் நடக்கும், தடுக்க முடியாது. வாய்விட்டுச் சொல்லாதீர்கள். "அவர் இருந்தா இந்நேரம் பேங்குக்குப் போய்ட்டு வந்திருப்பார்" என்று ஒரு தடவை சொன்னேன். இரண்டு நாள் வீட்டில் குக்கர் விசில் சத்தம் மட்டும்தான் கேட்டது.

படி 6: பிள்ளைகள்

அவர்களிடம் அனுமதி கேட்காதீர்கள். தகவல் சொல்லுங்கள், ஆனால் முதலில் அவர்களிடம் சொல்லுங்கள். ஊர்க்காரர் வாயால் தெரியவந்தால் அது ஆறாத புண்.

பிள்ளைகளின் கோபத்தில் மூன்று பங்கு கலந்திருக்கும்: அப்பா இடத்தில் இன்னொருவரா என்ற வலி, சம்பந்தி வீட்டார் என்ன சொல்வார்களோ என்ற கூச்சம், சொத்து என்ன ஆகும் என்ற பயம். முதல் இரண்டையும் அவர்களே வாய்விட்டுச் சொல்வார்கள். மூன்றாவதைச் சொல்லமாட்டார்கள், அதனால் நீங்களே எடுத்துப் போடுங்கள். நான் மகனையும் மகளையும் உட்கார வைத்து, வீடு யாருக்கு, நகை யாருக்கு, அவர் நிலம் அவர் மகளுக்கு என்று ஒரு தாளில் எழுதிக் காட்டினேன். மகள் அழுதாள். மகன் தாளைப் போட்டோ எடுத்துக்கொண்டான். இரண்டும் இயற்கைதான்.

வளர்ந்த பிள்ளைகள் யாரையும் 'அப்பா' என்று கூப்பிட வேண்டியதில்லை. என் பிள்ளைகள் 'அங்கிள்' என்கிறார்கள், பேரன் 'ரயில் தாத்தா' என்கிறான். இவர் மகள் என்னை 'டீச்சரம்மா' என்கிறாள். அது எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை, எனக்குப் பிடித்திருக்கிறது.

படி 7: எந்தச் சட்டத்தில் கல்யாணம்

இருவரும் இந்துக்கள் (சட்டப்படி இதில் பௌத்தர், சமணர், சீக்கியரும் அடக்கம்), ஜாதியோ மொழியோ மட்டும் வேறு என்றால் தமிழ்நாட்டில் வேலை சுலபம். இந்துத் திருமணச் சட்டத்தின் 7ஏ பிரிவு, 1967-இல் அண்ணா ஆட்சியில் கொண்டுவந்த சுயமரியாதைத் திருமணப் பிரிவு. உற்றார் அல்லது நண்பர்கள் முன்னிலையில், இருவருக்கும் புரிகிற மொழியில் ஒப்புக்கொண்டு, மாலையோ மோதிரமோ மாற்றினாலும் சரி, தாலி கட்டினாலும் சரி, செல்லும். புரோகிதர் தேவையில்லை. பிறகு பதிவு செய்யுங்கள். 2009-ஆம் ஆண்டுச் சட்டப்படி தமிழ்நாட்டில் எல்லாத் திருமணங்களையும் பதிவு செய்தாக வேண்டும், 90 நாளுக்குள் செய்துவிடுவது நல்லது.

மதம் வேறு, யாரும் மாறப்போவதில்லை என்றால் 1954-ஆம் ஆண்டுச் சிறப்புத் திருமணச் சட்டம். நடைமுறை இது:

இருவரில் ஒருவராவது குறைந்தது 30 நாள் குடியிருந்த மாவட்டத்தில், திருமண அலுவலரிடம் (நம் ஊரில் பதிவுத்துறை அலுவலகம்) அறிவிப்புக் கொடுக்க வேண்டும். வயது, முகவரிச் சான்று, போட்டோ, அதோடு முந்தைய துணையின் இறப்புச் சான்றிதழ். விவாகரத்து ஆனவர் என்றால் தீர்ப்பு நகல், மேல்முறையீட்டுக் காலமும் முடிந்திருக்க வேண்டும். அறிவிப்பு அலுவலகப் பலகையில் 30 நாள் தொங்கும். அதற்குள் சரியான ஆட்சேபம் வராவிட்டால் மூன்று சாட்சிகளோடு போய்க் கையெழுத்திடலாம். அறிவிப்புக் கொடுத்த நாளிலிருந்து மூன்று மாதத்துக்குள் முடிக்காவிட்டால் மறுபடி முதலிலிருந்து.

ஆட்சேபம் என்றால் என்னவென்று தெரிந்துவைத்துக்கொண்டால் பயம் போய்விடும். உயிரோடு இன்னொரு துணை இருக்கிறாரா, மனநிலையில் சம்மதம் சொல்லும் திறன் இருக்கிறதா, வயது வந்தவர்களா, மணம் செய்யக் கூடாதென்று சட்டம் விலக்கிய நெருங்கிய உறவா. இவ்வளவுதான் கணக்கில் வரும். "எங்க குடும்ப மானம்" என்பது அந்தப் பட்டியலில் இல்லை.

நாங்கள் சறுக்கிய இடம் ஒன்று. ஒருவரின் நிரந்தர முகவரி வேறு மாவட்டத்தில் இருந்தால், அறிவிப்பின் நகல் அங்கேயும் போய்ப் பலகையில் ஏறும். இவர் ஆதாரில் ஊர் முகவரியே இருந்தது. அங்கே பத்திரம் பதியப் போன சித்தப்பா மகன், பலகையில் இவர் போட்டோவைப் பார்த்துவிட்டு அங்கிருந்தே போன் போட்டார். அதுவரை அண்ணனிடம் சொல்ல இவர் நல்ல நாள் பார்த்துக்கொண்டிருந்தார். அறிவிப்பில் கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் எல்லா உறவுக்கும் சொல்லி முடித்துவிடுங்கள்.

அன்றைக்குச் சொல்ல வேண்டிய வாசகத்தை இருவருக்கும் புரிகிற எந்த மொழியிலும் சொல்லலாம். இவர் மலையாளத்தில் சொன்னார், நான் தமிழில் சொன்னேன். அலுவலர் தலையாட்டிவிட்டு முத்திரை குத்தினார்.

கத்தோலிக்கர் தொடர்ந்து நற்கருணை வாங்க விரும்பினால் இன்னொரு வாசல் உண்டு. ஞானஸ்நானம் பெறாதவரோடு நடக்கும் திருமணம், ஆயரின் விலக்கு அனுமதி இல்லாமல் திருச்சபைக் கணக்கில் செல்லாது. அனுமதி கேட்டால் பெரும்பாலும் கிடைக்கும். மற்றவர் மதம் மாற வேண்டியதில்லை. பங்குத் தந்தையிடம் நேரில் போய்ப் பேசுங்கள், பொறுமையோடு போங்கள். விவாகரத்து ஆனவர் என்றால் கதை நீளம், திருச்சபை நீதிமன்றம் முந்தைய திருமணம் செல்லாதென்று தீர்ப்புச் சொல்ல வேண்டியிருக்கும்.

பதிவே வேண்டாம், சேர்ந்து இருந்துவிடுவோம் என்கிறவர்களும் உண்டு. என் தோழி ஒருத்தி அப்படித்தான், ஒரே தெருவில் இரண்டு வீடு. 2005-ஆம் ஆண்டுக் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம் 'திருமணம் போன்ற உறவில்' இருக்கும் பெண்ணுக்கும் பாதுகாப்புத் தருகிறது. அப்படி எண்ண என்னென்ன இருக்க வேண்டும் என்று, கோவையிலிருந்து போன ஒரு வழக்கில் உச்ச நீதிமன்றம் 2010-இல் சொன்னது: கணவன் மனைவி போல ஊரறிய வாழ்ந்திருக்க வேண்டும், திருமணத்துக்குத் தகுதி உள்ளவர்களாக இருக்க வேண்டும், கணிசமான காலம் சேர்ந்திருக்க வேண்டும். ஆனால் துணை போனபின் பென்ஷனோ வாரிசுப் பங்கோ அதை வைத்துத் தானாக வந்துவிடாது.

படி 8: பென்ஷன், உயில், வீடு

இதை முதலில் வைத்திருக்க வேண்டும். வைத்தால் யாரும் மேலே படிக்கமாட்டீர்கள் என்று பின்னால் தள்ளினேன்.

உங்கள் சொந்தப் பென்ஷனுக்கு ஒன்றும் ஆகாது. இறந்த கணவர் மூலம் வரும் குடும்ப ஓய்வூதியம் வேறு. மத்திய அரசு விதிப்படி, மறுமணம் செய்தால் அது நின்றுவிடும். குழந்தை இல்லாத விதவைக்கு மட்டும் விலக்கு. அவருடைய பிற வருமானம் குறைந்தபட்சக் குடும்ப ஓய்வூதிய அளவுக்குள் இருந்தால் தொடரும். எனக்கு இரண்டு பிள்ளைகள், அதனால் நின்றது. மறைத்து வாங்கலாம் என்று யோசனை சொன்னவர்கள் இருந்தார்கள். ஒருநாள் மொத்தமாகத் திருப்பிக் கட்டச் சொல்வார்கள், அந்த வயதில் அது தாங்காது. சொந்த வருமானம் இல்லாமல் அந்த ஓய்வூதியத்தையே நம்பி இருக்கிறவர்கள் பத்து தடவை யோசியுங்கள். காதலைவிட மாதம் ஒன்றாம் தேதி நம்பகமானது.

மறுபக்கம், ஓய்வுபெற்ற பிறகு மணந்த மனைவிக்கும் குடும்ப ஓய்வூதியம் உண்டு. 1989-இல் உச்ச நீதிமன்றம் தீர்த்துவைத்த விஷயம் இது. ஆனால் பென்ஷன் ஆணையில் உங்கள் பெயர் ஏற வேண்டும். திருமணச் சான்றிதழ் கைக்கு வந்த வாரமே விண்ணப்பியுங்கள்.

முதல் கணவரிடமிருந்து வாரிசாக வந்த சொத்து மறுமணத்தால் போய்விடும் என்று இன்னும் சிலர் பயமுறுத்துகிறார்கள். அப்படிச் சொன்ன 1856-ஆம் ஆண்டு விதவை மறுமணச் சட்டம் 1983-இலேயே ரத்தாகிவிட்டது. உங்கள் பங்கு உங்களுடையது.

உயில்தான் பெரிய பொறி. கிறிஸ்தவர் ஒருவர் முன்பே எழுதிவைத்த உயில், அவர் மறுமணம் செய்த கணமே ரத்தாகிவிடும். 1925-ஆம் ஆண்டு இந்திய வாரிசுரிமைச் சட்டம், 69-ஆம் பிரிவு. இவர் ஊர் நிலத்தை மகளுக்கு எழுதிப் பத்திரமாகப் பீரோவில் வைத்திருந்தார். கல்யாணத்துக்கு அப்புறம் அது வெறும் காகிதம். வக்கீல் பார்த்துச் சொல்லியிருக்காவிட்டால், உயிலில்லாமல் போனவர் கணக்கில் எனக்கு மூன்றில் ஒரு பங்கும் மகளுக்கு மீதியும் என்று ஆகியிருக்கும். நான் ஆசைப்படாத நிலத்துக்காக அந்தப் பெண் காலத்துக்கும் என்னைச் சபித்திருப்பாள். இந்துக்களின் உயில் திருமணத்தால் ரத்தாவதில்லை. ஆனால் இந்து ஒருவர் வேறு மதத்தவரைச் சிறப்புத் திருமணச் சட்டத்தில் மணந்தால் வாரிசுரிமைக்கு அந்த 1925 சட்டமே வந்துவிடும். எது எதற்குப் பொருந்தும் என்று மண்டையை உடைத்துக்கொள்ளாமல், கல்யாணத்துக்கு மறுவாரம் இருவருமே புதிதாக எழுதிவிடுங்கள். இரண்டு சாட்சி வேண்டும். சாட்சிகளுக்கோ அவர்கள் கணவன் மனைவிக்கோ உயிலில் எதுவும் எழுதாதீர்கள். பதிவு கட்டாயமில்லை, இருந்தாலும் பதியுங்கள்.

வீட்டுக்கு நாங்கள் செய்தது: என் வீடு என் பிள்ளைகளுக்கு, ஆனால் நான் முதலில் போனால் அவர் உயிரோடு இருக்கும் வரை அதில் குடியிருக்க ஆயுள் பாத்தியதை. விற்கவோ அடமானம் வைக்கவோ அவருக்கு உரிமை இல்லை. பிள்ளைகளுக்கு நிம்மதி, அவருக்குக் கூரை. பத்திரம் எழுதுகிறவரிடம் இந்த வார்த்தையைச் சொன்னால் புரிந்துகொள்வார்.

படி 9: உடம்பு

சர்க்கரை, பிரஷர், வைத்த ஸ்டென்ட் எல்லாவற்றையும் கல்யாணத்துக்கு முன்பே மருந்துச் சீட்டோடு காட்டிவிடுங்கள். துணையை மருத்துவக் காப்பீட்டில் சேர்க்கும்போதும் பழைய நோய்களை மறைக்காதீர்கள். முன்பே இருந்த நோய்க்கான காத்திருப்பு 2024 முதல் அதிகபட்சம் 36 மாதம் என்று குறைந்திருக்கிறது, மறைத்தால் கிளெயிமே போய்விடும்.

இன்னொன்று, கூச்சமாக இருந்தாலும் சொல்லிவிடுகிறேன். இந்த வயதில் தாம்பத்தியம் உண்டா என்று போனில் கேட்பவர்கள் குரலைத் தாழ்த்திக்கொள்கிறார்கள். உண்டு, வேண்டும் என்கிறவர்களுக்கு. வேண்டாம் என்றால் அதையும் முன்னாடியே பேசிக்கொள்ளுங்கள். மாதவிலக்கு நின்றபின் வறட்சியும் வலியும் வரும், மகப்பேறு மருத்துவரிடம் கேட்டால் மருந்து இருக்கிறது. ஆண்களுக்கு ஒரு வார்த்தை: நெஞ்சுவலிக்கு நாக்கடியில் வைக்கிற மாத்திரை வைத்திருக்கிறவர்கள், வீரிய மாத்திரையைக் கடையில் தானாக வாங்கிப் போடக் கூடாது. இரண்டும் சேர்ந்தால் ரத்த அழுத்தம் சடாரென்று இறங்கும், உயிருக்கே ஆபத்து.

கடைசியாக, ஒரு கோப்பு தயார் செய்து பீரோவின் மேல் தட்டில் வையுங்கள், பூட்டாமல். இருவரின் ஆதார் நகல், மருந்துப் பட்டியல், ரத்த வகை, காப்பீட்டு அட்டை, பிள்ளைகளின் எண்கள். எல்லாவற்றுக்கும் மேலே திருமணச் சான்றிதழ் நகல். போன ஆடியில் இவருக்கு இன்னொரு கண்ணில் புரை எடுக்க, அதே ஆஸ்பத்திரிக்குப் போனோம். சிஸ்டர் இரண்டு ஆதாரையும் வாங்கிப் பார்த்தார். ஒரு பெயர் கோட்டயத்து மாதாகோயிலில் வைத்தது, ஒரு பெயர் மணப்பாறை முருகனுக்கு வேண்டி வைத்தது. நிமிர்ந்து எங்களைப் பார்த்தார். நான் கோப்பைத் திறந்து மேலே இருந்த தாளை நீட்டினேன். "சரிங்கம்மா, இங்க ஒரு கையெழுத்து" என்றார்.